படிமக்கலம்

“கரண்டியும் படிமக்கலமா? நல்ல கதையாக்கும்! அப்படீன்னா அடுக்களையில பாதிச் சாமான் அகராதிக்குள்ள வந்திரும், ஏட்டி.”

“வரட்டுமே. படிமக்கலம்னா கண்ணாடி. ‘எதிரே நிற்பவரின் உருவைக் காட்டும் பொருள்’னு முன்னால நீங்கதான் சொல்லித் தந்திய. கரண்டியில முகம் தெரியத்தானே செய்யுது? மூக்கு மட்டும் பலாக்காய் மாதிரி இருக்கும். அது கரண்டிக்க குத்தமா, மூக்குக்க குத்தமா?”

நாராயணபெருமாள் சிரிக்கவில்லை. பள்ளியில் இலக்கணம் நடத்தி ஓய்வுபெற்றபின், அருஞ்சொல் அகராதி ஒன்றைத் தொகுத்துவருபவர் அவர். அவர் சொல்ல, மனைவி முத்துக்கனி எழுதுவாள். எந்த வரையறையும் அடுக்களைச் சாமான்களோடு மல்லுக்கட்டி வென்ற பிறகே தாளில் ஏறும் என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டத்தை இயற்றியவர் அவரே. இன்று அதை மீறத் துடிப்பவரும் அவரே.

“வரையறையைத் திருத்தியாச்சு. எழுது: ‘முகம் பார்ப்பதற்கென்றே செய்த, ரசம் பூசிய கண்ணாடி.’ அவ்வளவுதான். அடுத்த சொல்லுக்குப் போ.”

“எழுதமாட்டேன். ரசம் பூசின கண்ணாடி வாறதுக்கு முந்தி ஆளுக தலை சீவாமலா திரிஞ்சாவ?”

சரியான கேள்வி. அதுதான் அவரை உறுத்தியது. பிழையென்று தெரிந்தே ஒரு வரையறைக்காக அவர் வாதாடுவது இதுவே முதல்முறை. வேறு வழியில்லை. முத்துக்கனி எதிலும் தன் முகத்தைத் தேடிவிடக் கூடாது. தேடினால், அது இல்லையென்பது தெரிந்துவிடும். தெரிந்த கணமே அவள் போய்விடுவாள்.

திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டு இருவரும் பைக்கில் திரும்புகையில் லாரி மோதியது. சாலையில் கிடந்தபடி, அவள் அலறுவதை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அந்தக் குரல் அறுத்தாற்போல் நின்றது. அதற்குமேல் விளங்கிக்கொள்ள என்ன இருக்கிறது? ஆயினும் அவர் வீடு வந்து சேர்ந்தபோது, அடுக்களையில் அவள் நின்றிருந்தாள். தான் இறந்துபோனது அவளுக்கே தெரியவில்லை என்று அவர் முடிவுசெய்தார். அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

அடையாளங்களும் பொருந்தியே வந்தன. அன்றைக்கே நிலைக்கண்ணாடியை அவள் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவைத்தாள். டிவியின் மேல் போர்வையைப் போட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மதியம் தலைவாழை இலையில் அவருக்குப் பிடித்த உளுந்தஞ்சோறும் அவியலும் வைப்பாள். தான் ஒரு பருக்கை தொடமாட்டாள். இறந்தவர்களுக்குப் பசி ஏது?

“பிரிட்ஜ் கதவு?” அவள் விடுவதாக இல்லை.

“அது தோசைமாவுக்க வீடு.”

“அணைஞ்ச செல்போன்?”

“அது பேசுகதுக்கு.”

“சுசீந்திரம் தெப்பக்குளம்?”

“ஏட்டி, குளத்தைக் கையில தூக்கி வச்சா தலை சீவுவாவ? கலம்னா கைக்கு அடங்கணும்.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்பது அவருக்குப் புரியுமுன் அவள் எழுந்துவிட்டாள். பாயசம் வைக்கும் அகன்ற வெண்கல உருளியைத் தூக்கிவந்து கூடத்தின் நடுவில் வைத்தாள். அது நிறையத் தண்ணீர் ஊற்றினாள்.

“இது கலம். இதுல உருவம் தெரிஞ்சா நான் சொன்ன வரையறைதான் சரி. வாங்க, குனிஞ்சு பாருங்க.”

“வேண்டாம் முத்து. நீ சொன்னதே சரி. நான் தோத்தாச்சு. எழுதிக்கோ.”

“தோத்தவரு வந்து பாக்கணும்.” அவள் குரல் உடைந்தது. “எத்தனை நாளைக்கு இதை இப்படியே மூடி மூடி வைக்க முடியும், சொல்லுங்க? எனக்கும் மனசு வரல்லதான்.”

அப்படியானால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டேதான், அவரைத் தனியே விடமாட்டாமல் இத்தனை நாளும் தங்கியிருந்திருக்கிறாள்.

அவள் அருகே அவர் குந்தினார். உருளியின் மேல் குனிந்து, கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“பயப்படாதே மக்கா. உருவம் தெரியல்லேன்னா என்ன? அதுக்காவ நீ இல்லேன்னு ஆயிருமா? நான் இருக்கேன்லா, உனக்க கூட.”

விசும்பல் மட்டும் கேட்டது. அவர் கண்களைத் திறந்தார்.

தண்ணீர் அசைவடங்கித் தெளிந்திருந்தது. அதில் ஒரு முகம்தான் தெரிந்தது.

அது முத்துக்கனியின் முகம்.