டிக்கியில் இரண்டு கோழி

“உயிரோட கோழியெல்லாம் வேண்டாம்மா! போன வருஷம் பாதி வழியில கட்டை அவுத்துக்கிட்டு வந்து இவர் தோள்ல உட்கார்ந்துச்சே, மறந்துட்டீங்களா?”

வென்ஜிங் கத்தியது அம்மாவின் காதில் ஏறவே இல்லை. கோழியின் காலை வைக்கோல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, தலை மட்டும் வெளியே தெரியும்படி சாக்குக்குள் விட்டு, டிக்கியில் வைத்தாள். வைத்த கையோடு இன்னொரு கோழியைத் துரத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

கல்யாணமான பெண்கள் புருஷனோடு தாய்வீடு வருகிற நாள் சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். அன்றைக்கு வந்த வென்ஜிங்கும் ஹாவ்ரானும் இதோ கிளம்புகிறார்கள். லீவு முடிந்துவிட்டது, நாளைக்கு சாங்ஷா நகரத்தில் இருவருக்கும் வேலை. காலையில் குளித்ததும் கூடத்துப் படத்துக்கு முன்னால் புது ஆரஞ்சுகளை வைத்து ஊதுபத்தி ஏற்றியிருந்தாள் வென்ஜிங். பெட்டி கட்டியாயிற்று. டிக்கியைத்தான் மூட முடியவில்லை. புகை போட்ட பன்றி இறைச்சி, பசையரிசி அப்பம், முட்டைக்கோஸ், மிளகாய் ஊறுகாய் ஜாடி என்று அம்மா அடைத்துக்கொண்டே இருந்தாள். அப்பா ஒரு வாளித் தவிட்டுக்குள் முட்டைகளை ஒவ்வொன்றாகப் புதைத்துக்கொண்டிருந்தார். இந்தச் சமயத்தில் அந்த ஊரை விட்டுக் கிளம்புகிற எந்தக் காரும் பின்பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.

ஹாவ்ரான் அவள் பக்கத்தில் வந்து முணுமுணுத்தான்.

“இன்னும் சொல்லலையா?”

“சொல்றேன்.”

“வந்ததிலேருந்து இதையேதான் சொல்றே. நல்ல விஷயம்தானே? நான் வேணா சொல்லட்டுமா?”

“நீங்க வாயைத் திறந்தீங்க, கோழியோட சேர்த்து உங்களையும் கட்டி டிக்கியில போட்டுடுவேன்!”

வென்ஜிங் முழுகாமல் இருக்கிறாள். டாக்டர் சொன்ன அன்றைக்கே ஹாவ்ரான் தன் வீட்டுக்குப் போன் பண்ணிக் கொண்டாடிவிட்டான். இங்கே சொல்லத்தான் அவளுக்கு நாக்கு எழவில்லை. கேட்டதும் அம்மாவின் முகம் வாடிப்போனால்? நமக்காகச் சிரித்துவிட்டு, கார் கிளம்பியதும் உள்ளே போய் அழுதால்? இந்த மனுஷி அழுதது போதாதா?

பக்கத்து வீட்டு லுவோ அத்தை சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே வேடிக்கை பார்க்க வந்தாள்.

“என்ன, உன் பொண்ணு வீட்டையே காலி பண்ணிட்டுக் கிளம்புறா போலிருக்கே!”

“என் வீடு, என் பொண்ணு, அள்ளிட்டுப் போறா. உனக்கு ஏன் வயித்தெரிச்சல்?” என்றாள் அம்மா.

ஹாவ்ரானைத் தேடிப் பிடித்ததே அம்மாதான். கல்யாணமே வேண்டாம் என்று இவள் சுருண்டு கிடந்த நாளில், “நான் சாகிறவரைக்கும் உன்னை இப்படியே பார்த்துக்கிட்டு இருக்கணுமாடி?” என்று திட்டித் தீர்த்து எழுப்பி உட்காரவைத்தாள். கல்யாணத்துக்குத் தன் கையாலேயே பஞ்சடைத்துப் போர்வை தைத்துக் கொடுத்தாள். அந்தப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும்போதெல்லாம், இந்தக் கடனை எந்தப் பிறவியில் தீர்ப்பேன் என்றுதான் வென்ஜிங் நினைப்பாள்.

அம்மா என்ன நினைத்தாளோ, டிக்கிக்குள் கையை விட்டு இறைச்சியையும் ஊறுகாய் ஜாடியையும் வெளியே எடுத்தாள்.

“இது ரெண்டும் உனக்கு வேண்டாம்.”

“ஏம்மா? உங்க ஊறுகாய் இல்லாம எனக்குச் சோறு இறங்காதே!”

“இந்த வருஷம் இறங்கும்.” அந்த இடத்தில் ஒரு பெரிய பொட்டலம் பழுப்புச் சர்க்கரையைச் செருகினாள் அம்மா. “இறைச்சித் தட்டைப் பார்த்தாலே மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுறே. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? ஒரு கோழி உனக்கு. இன்னொண்ணு உள்ளே இருக்கிறதுக்கு. ரெண்டையும் சூப் வச்சுக் குடி.”

வென்ஜிங்கின் கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது.

“நான் சொல்லணும்னுதாம்மா இருந்தேன்... உங்களுக்கு மனசு கஷ்டமாயிடுமோன்னு...”

“கஷ்டமா? பைத்தியக்காரி!” என்று அவள் முதுகில் ஒன்று வைத்தாள் அம்மா. “வண்டியில ஏறு. மாப்பிள்ளை, பள்ளம் மேடு பார்த்து மெதுவா ஓட்டுங்க!”

சொன்னவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

இதற்குப் பயந்துதானே வென்ஜிங் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்! காரில் ஏறாமல் அம்மாவின் பின்னாலேயே ஓடினாள். அப்பா தடுக்கவில்லை. தவிட்டுக் கையோடு அவரும் வாசல்படிவரை வந்து நின்றார்.

கூடத்துச் சுவரில் இருந்த அந்த வாலிபனின் படத்துக்கு முன்னால் அம்மா நின்றிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம், ஆனால் வாய் காதுவரை சிரித்தது. வென்ஜிங் வைத்த ஆரஞ்சில் ஒன்றை எடுத்து உரித்துப் படத்துக்குக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

“கேட்டியாடா, ஜியாமிங்? உன் பொண்டாட்டி தாயாகப் போறா! நீதான் கொடுத்து வைக்காம பாதியில போயிட்டே, உன் அம்மா பாட்டியாகிட்டேன்!”