யாரும் திரும்பிப் பார்க்கவில்லை

“கொலையும் பண்ணிட்டு, கதை வேற விடறான் பாரு!”

பின்வரிசையில் யாரோ சொன்னதும் கோர்ட்டே சிரித்தது.

கூண்டில் நின்ற குவோ சிரிக்கவில்லை. மீன்கடை முதலாளியைக் குத்திக் கொன்றதாக அவனுக்கு ஆயுள் தண்டனை. அப்பீலில் இன்றோடு விசாரணை முடிகிறது. இதை விட்டால் சாகும்வரை ஜெயில்தான்.

அவனுக்கு எதிராக இருப்பது ஒரே சாட்சி, பழக்கடை ஹூ. கீழ்க்கோர்ட்டில் சொன்னதையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்.

“கத்தியோட ஓடினான்ங்க. மூஞ்சியை நல்லாப் பாத்தேன்ங்க. சாட்சாத் இவனேதான்ங்க!”

“பொய்! நான் ஊர்வலத்துக்குப் பின்னால கடலுக்கு நடந்துக்கிட்டிருந்தேன்யா!” என்று கத்தினான் குவோ.

அவன் வக்கீல் லியாவ் அம்மாள் எழுந்தார். பேசினால் பட்டாசுச் சரம்தான்.

“ஐயா, அன்னிக்கு, கொலை நடந்த அதே நேரத்துல, எங்க லூகாங் ஊர்ல, தூக்குப் போட்டுச் செத்தவரோட ஆவியைக் கடல்ல கொண்டு விடற ஊர்வலம். ஊரே கதவைச் சாத்திக்கும். தெரியாம அதுல வந்து மாட்டினவன் அப்படியே வீட்டுக்குப் போகக் கூடாது, கூடவே கடல்வரைக்கும் போகணும். போகலேன்னா ஆவி அவன் வீட்டுக்கு வந்துடும். குவோ பக்கத்துச் சந்துலேர்ந்து ஸ்கூட்டர்ல வந்து, ஊர்வலத்தோட வாலுல மாட்டிக்கிட்டான். வண்டியைத் தள்ளிக்கிட்டு, கடைசி ஆளா, கடல்வரைக்கும் போனான்!”

“முன்னால போனவங்க யாராவது பாத்தாங்களாமா?” என்றார் அரசு வக்கீல்.

“ஊர்வலத்துல போறவங்க திரும்பிப் பாக்கக் கூடாதுங்க. வீட்டுக்கும் வேற வழியாத்தான் போவாங்க.”

“அப்ப அந்த ஆவியையே சாட்சிக்குக் கூப்பிடுங்களேன்!”

மறுபடி சிரிப்பு. நீதிபதிகூடக் கையால் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்து ஊர்வலத் தலைவர் ஷீ சாட்சிக் கூண்டேறினார். கோயில் முரசுக்கு வாய் முளைத்த மாதிரி குரல்.

“எ-ன் ஊர்வலத்துல யா-ரு-மே திரும்ப மாட்டாங்க! திரும்பினா அன்னிக்கே கோயில்லேர்ந்து நீக்கம். குடும்பத்தோட!”

“குவோ பின்னால வந்தானா, தலைவரே?”

“எனக்கெப்படிம்மா தெரியும்? நான்தான் திரும்பலையே!”

ஊர்வலத்தில் போன அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். குவோ அவர்கள் பக்கம் கைகூப்பினான்.

“அண்ணே... அக்கா... ஒருத்தராவது வாயைத் திறங்களேன்!”

எல்லோருக்கும் திடீரென்று அவரவர் செருப்பு அதிசயமாகிப் போனது.

“முடிச்சுக்கலாமா?” என்று நீதிபதி மூக்கால் கேட்டார்.

“நான் பாத்தேன்!”

ஊர்வலத்தில் சேகண்டி அடிக்கும் சுன்மெய் எழுந்து நின்றாள்.

“பின்னால ஏதோ உருள்ற சத்தம் கேட்டுது. பயத்துல திரும்பிட்டேன்யா. இவன்தான். தலையில நீல ஹெல்மெட். அதைக்கூடக் கழட்டாம ஸ்கூட்டரைத் தள்ளிக்கிட்டு வந்தான். கடற்கரையிலயும் ஒரு தடவை திரும்பினேன், அங்கயும் நின்னான்.”

“இத்தனை நாளா ஏம்மா சொல்லலை?”

“எங்க குடும்பத்தையே தள்ளி வெச்சுடுவாங்கய்யா. எங்க மாமியாருக்குக் கோயில்தான் உசுரு. ஆனா, இவன் கைகூப்பினதுக்கப்புறம் என்னால உக்கார முடியலை.”

கோர்ட் சந்தைக்கடையானது. “திரும்பினாளாமே!” “ஐயையோ!” “பொம்பளைக்கு என்ன தைரியம்!”

தலைவர் ஷீயின் முகம் வெந்த நண்டு மாதிரி சிவந்தது. கூண்டுக் கட்டையை ஓங்கி ஒரு குத்து குத்தினார்.

“அடிப்பாவி! கோயில் மானத்தையே வாங்கிட்டியேடி! ஐயா, நம்பாதீங்க. இவ சொல்றது பச்சைப் பொய்! நீல ஹெல்மெட்டாம்ல, நீலம்! அவன் போட்டுக்கிட்டு வந்தது சிவப்புங்க!”