மூன்றாம் நாள் ஒரு குகை

"மணிக்கூண்டு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பயணப் பட்டியலில் அந்த வரியைப் பேனாவால் இரண்டு முறை அடித்தார் அப்பா.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிராக் வரைக்கும் போயிட்டு அதுல ஏறாம வர்றதா? மேல நின்னா ஊர் மொத்தமும் சிவப்புக் கூரையாத் தெரியுமாம். அதைப் பாக்கத்தானே போறோம்!"

"எனக்கு முட்டி வலிக்குது. கீழ நின்னு மணி அடிக்கிறதைக் கேட்டாப் போதும்."

"அங்க லிஃப்ட் இருக்குங்க."

 அப்பா அடுத்த வரியை அடிக்கத் தொடங்கினார்.

நான்கே நாள் பயணம். அந்தக் குடும்பத்தில் யாரும் இதுவரை விமானம் ஏறியதில்லை. இருபது வயது மகளுக்குப் பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருகிறது. "ஒரு வருஷம் தாங்கலாம். காட்ட நினைக்கிறதை எல்லாம் இப்பவே காட்டிடுங்க" என்று கண் டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. எந்த ஊர் என்று கேட்டதற்கு, சுவரில் தொங்கிய காலண்டர் படத்தைக் காட்டியவள் மகள்தான்.

அப்பேர்ப்பட்ட பயணத்துக்கு இந்த மனிதர் போட்ட திட்டத்தைக் கேளுங்கள். முதல் நாள் தேவாலயத்தில் ஆர்கன் கச்சேரி. இரண்டாம் நாள் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய், வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஓர் ஊரில் கோப்பை கோப்பையாகத் தண்ணீர் குடிப்பது. மூன்றாம் நாள் ஊருக்கு வெளியே ஒரு குகை. ஓவியக்கூடம், கோட்டை, கண்ணாடிக் கடைத்தெரு எல்லாம் அவர் பேனாவுக்குப் பலியாகிவிட்டன.

"குகையா? பொண்ணுக்கு இருட்டைக் காட்டவா இவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போறீங்க?"

"உள்ள சொட்டுச் சொட்டாத் தண்ணி விழுமாம். ஜில்லுனு இருக்குமாம்."

"உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு."

எந்தப் பேச்சானாலும் அந்த வீட்டில் கடைசி வார்த்தை அம்மாவுடையதுதான். ஒரு வாரமாகத்தான் அப்பா இப்படி முரண்டு பிடிக்கிறார். இருபத்திரண்டு வருஷமாகக் கடையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கடை என்று இருந்த மனிதருக்குத் திடீரென்று எங்கிருந்து வந்தது இந்தப் பிடிவாதம்?

சண்டைச் சத்தம் கேட்டு மகள் அறையிலிருந்து வந்தாள். அம்மா நாற்காலியைக் கரகரவென்று இழுத்துப் போட்டு, "உக்காரு. நீயே கேளு இந்த அநியாயத்தை" என்று டீக் கோப்பையை அவள் கையில் திணித்தாள்.

அப்பாவின் கோபமெல்லாம் மகளைக் கண்டால் காணாமல் போய்விடும். அவர் பெயிண்ட் கடையில் கலர் கலக்குபவர். மகளுக்குக் குழந்தையிலிருந்தே படப்புத்தகம் என்றால், பெயிண்ட் கலர்களைக் கட்டம் கட்டமாக அச்சடித்த கடையின் ஷேட் கார்டுதான். நாற்பத்தெட்டுக் கட்டமும் வரிசையோடு அவளுக்கு மனப்பாடம்.

கம்பெனியிலிருந்து புதிதாக வந்திருந்த கார்டை மேஜையில் விரித்தார். "பாப்பா, அந்த ஊர்க் கூரை என்ன கலரு? காட்டு பாப்போம்."

மகளின் விரல் கார்டின் விளிம்பிலிருந்து இறங்கி, மூன்றாவது வரிசையில் இரண்டாவது கட்டத்தில் போய் நின்றது. "செங்கல் சிவப்பு. இதுதானே?"

"அதேதான்" என்றார் அப்பா.

"மணிக்கூண்டுல கண்டிப்பா ஏறணும்ப்பா. முட்டி வலின்னு நீங்க கீழ நின்னுட்டா நான் சும்மா விட மாட்டேன்." சிரித்துக்கொண்டே டீயைக் குடித்து முடித்தாள். பெட்டியில் துணி அடுக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் அறைக் கதவு சாத்தப்பட்டதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "கேட்டீங்கல்ல? அவளே சொல்லிட்டா. எழுதுங்க."

அப்பா எழுதவில்லை. ஷேட் கார்டை அம்மா பக்கம் திருப்பி வைத்தார். "மூணாவது வரிசை, ரெண்டாவது கட்டம். என்ன கலர்னு நீ சொல்லு."

அம்மா குனிந்து பார்த்தாள். கரும்பச்சை.

"இந்தத் தடவை கம்பெனிக்காரன் வரிசையவே மாத்தி அடிச்சுட்டான். போன ஞாயித்துக்கிழமையும் கேட்டேன், இதே கட்டத்தைத்தான் தொட்டா. இன்னைக்காவது விரல் வேற இடத்துக்குப் போகாதான்னு பாத்தேன்." அதற்கு மேல் அவரால் குரலைப் பிடித்து வைக்க முடியவில்லை. "டாக்டர் சொன்ன ஒரு வருஷம்கூடத் தாங்கல. எல்லாம் முடிஞ்சுபோச்சு. நம்ம மனசு ஒடிஞ்சுடக் கூடாதுன்னு எம்பொண்ணு நடிக்கிறா."

அம்மா கார்டை மெல்ல மடித்து வைத்தாள்.

"உனக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டேன்னுதான் சொல்லல. அவ காதால கேக்கறது, கையால தொடறது, நாக்குல வைக்கிறது, இதை மட்டும் விட்டுட்டு மத்ததை அடிச்சேன். வேற எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல." மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, மகளுக்குக் கேட்டுவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அம்மா அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. அவர் கையிலிருந்த பேனாவை மெல்ல விடுவித்து வாங்கினாள். பிறகு அறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தாள்.

"எனக்கு ரெண்டு மாசமாத் தெரியுங்க. 'அப்பாவாவது அந்த ஊரைப் பாக்கட்டும்மா'ன்னு அவதான் என்னைச் சொல்ல விடல."