பொட்டி நெறஞ்சிருச்சு

"பொட்டி நெறஞ்சிருச்சுண்ணே. இனி ஒரு சொட்டு தாங்காது" என்றான் சுருளி.

வேனை ஓட்டிக்கொண்டிருந்த பேயாண்டி திரும்பிப் பார்க்காமலே ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். "மூணு பேருக்கு அது எம்புட்டுத்தான் தாங்கும்? அந்தாளக் கொஞ்சம் அடக்கச் சொல்லு."

அந்தாள் என்பது அழகுபாண்டி. வில்லாபுரத்தில் நாலு தொழில் பார்க்கிற பெரிய மனிதர். முந்தாநாள் வாக்கிங் போனவரைத் தூக்கி, இந்தக் கேம்பர் வேனின் கட்டிலில் கை காலைக் கட்டிப் போட்டு, போலீஸ் கண்ணில் படாமல் ரெண்டு நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

படுக்கை, ஏசி, கக்கூஸ் எல்லாம் வண்டிக்குள்ளேயே இருந்தன. ஒண்ணுக்கு ரெண்டுக்கு என்று எங்கேயும் கதவைத் திறக்க வேண்டாம். ஆளைக் கடத்த இதைவிடத் தோதான வண்டி கிடையாது என்று பேயாண்டிக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமைதான் இப்போது நாறிக்கொண்டிருந்தது. கக்கூஸுக்கு அடியில் இருக்கிற பிளாஸ்டிக் பொட்டி ஒரு திருப்பத்தில் குலுங்கி, தரையெல்லாம் வழிந்துவிட்டது. சுருளி சட்டையை மூக்குவரை இழுத்துக்கொண்டான். பேயாண்டிக்குக் குமட்டியது. அழகுபாண்டி மட்டும் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

"எல்லாம் ஒன்னாலதான்டா!" சுருளி அவர் விலாவில் ஓங்கி உதைத்தான். "பேரையூர்ல எங்காளு குழி வெட்டி வச்சுக் காத்துக்கிட்டு இருக்காரு. அதுவரைக்கும் அடக்க மாட்டியா?"

அழகுபாண்டி டேப் ஒட்டிய வாயோடு ஏதோ முனகினார். சுருளி டேப்பைப் பிய்த்தான். பாதி மீசையும் கூடவே வந்தது.

"திருமங்கலத்துக்கு முந்தி வலது பக்கம் ஒரு மண்ரோடு போகும் தம்பி" என்றார், வலியில் கண்ணீர் வழிய. "நொச்சிக் கம்மாய். சுத்தியும் கருவேலங்காடு, ஒரு குருவி இருக்காது. அங்க கொட்டிட்டுப் போயிரலாம்."

"ஓடலாம்னு பாக்குறியா?" பளாரென்று ஓர் அறை.

"கட்டிப் போட்டவன் எங்க தம்பி ஓட? இந்த நாத்தம் எனக்கும்தானே?"

நியாயமாகத்தான் பட்டது. மறுபடி டேப்பை ஒட்டினார்கள். அவர் முனகல் வெளியே கேட்காமலிருக்கப் பாட்டை அலற வைத்துவிட்டு, கம்மாய்க்கரையில் வண்டியை நிறுத்தினார்கள்.

வேனின் பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, இருவரும் பொட்டியை உருவித் தூக்கினார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே கவிழ்த்தார்கள். பாதிகூடக் கொட்டியிருக்காது, சுருளியின் பின்மண்டையில் ஒரு கல் வந்து விழுந்தது.

காவலுக்குப் பதுங்கிக் கிடந்த ஊரே கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஆணும் பெண்ணுமாய்க் கம்போடு ஓடிவந்தது. முன்னால் வந்தவள் இருளாயி. அவள் கையில் மண்வெட்டிக் காம்பு.

"இருட்டோட இருட்டா லாரில வந்து கொட்டிட்டு ஓடுறது பத்தாதுன்னு, பட்டப்பகல்ல சொகுசு வேன்லயாடா? குடிக்கிற தண்ணிடா! எம் மக வாந்தி பேதில பெரியாஸ்பத்திரில கெடக்கா!"

முதல் அடியில் சுருளியின் முன்பல் தெறித்தது. பேயாண்டி தடுக்கப்போன கை மடக்கென்று ஒடிந்தது.

"லாரியா? எங்ககிட்ட லாரியே இல்லக்கா!"

யார் கேட்பது? விழுந்தவன் எழ முயன்றபோதெல்லாம் உதைத்து விழ வைத்தார்கள். பொட்டியில் மிச்சமிருந்ததை இருளாயி அப்படியே பேயாண்டி தலையில் கவிழ்த்தாள். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் அங்கே யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பாட்டையும் மீறி வெளியே கேட்ட அந்த அலறலுக்கு, அழகுபாண்டி டேப்புக்கு அடியில் சிரித்தார். பிறகு கட்டிய காலால் வேனின் சுவரைத் தொம் தொம்மென்று உதைத்தார்.

கதவைத் திறந்த ஊர் திகைத்து நின்றது. பாதி மீசை பிய்ந்து, வாயில் டேப்போடு, சட்டையெல்லாம் ரத்தமாய் ஒரு பெரிய மனிதர்.

"பாவிப் பயலுக! ஒரு மனுசனை என்ன பாடு படுத்திருக்காய்ங்க!" இருளாயி டேப்பை உரித்து, கட்டை அவிழ்த்துவிட்டு, தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். தூக்குவாளியிலிருந்த மோரைத் தானே அவருக்குப் புகட்டினாள். அதற்குள் இளவட்டங்கள் அந்த இருவரையும் ஒரு மரத்தில் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

அழகுபாண்டி கும்பிட நினைத்தார். மரத்துப்போன கை மேலே வரவில்லை. "நீ எனக்குக் குலசாமி தாயி. போன உசிரைத் திருப்பிக் குடுத்துட்ட" என்று தேம்பினார். அது நிஜ அழுகைதான்.

"இருக்கட்டும்ணே. மொதல்ல வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. என்னமாத் தவிச்சுக் கெடக்காகளோ." சுருளியின் பையைத் துழாவி அவருடைய போனை எடுத்த இருளாயி, அதை ஆன் செய்தாள்.

ஆன் செய்ததுதான் தாமதம், போன் மணி அடித்தது. திரையில் தெரிந்த பெயரைப் பார்த்ததும் அழகுபாண்டியின் முகம் வெளுத்தது.

"வேணாம் தாயி, அப்புறம் பேசிக்கிறேன்…"

"கையத் தூக்க முடியலையா? நான் பிடிக்கிறேன், பேசுங்கண்ணே." ஸ்பீக்கரை அழுத்தி, போனை அவர் வாயருகே நீட்டினாள்.

"மொதலாளி, ரெண்டு நாளா ஒங்க போனே கெடைக்கல. லாரில கக்கூஸ் லோடு ஏத்தியாச்சு. வழக்கம்போல நொச்சிக் கம்மாய்தானே?"