ஏழாவது ஆள்

பிரின்சிபால் தனகோடி மேடம் அந்தப் பிரிண்ட் அவுட்டை மேஜைமேல் மூன்றாவது முறையாகத் தட்டினார்.

படத்தில் ஆறு நர்ஸிங் மாணவிகள். வெள்ளை யூனிபார்ம். முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, ஈயென்று இளிப்பு. காசநோய் வார்டில் பயிற்சி முடிந்த கடைசி நாள் அது. எந்த வார்டானாலும் கடைசி நாள் ஒரு படம் எடுத்துக்கொள்வது பேட்ச் பேட்சாக நடந்துவருகிற வழக்கம். அதை இதுவரை யாரும் குற்றம் என்று சொன்னதில்லை.

ஆறு பேரில் ஒருத்தியான அர்வா அதை இணையத்தில், ஆர்குட்டில் போட்டாள். வந்தது வினை.

ஆறு பேருக்குப் பின்னால் ஒரு கட்டில். கட்டிலில் நோயாளி சாரதாம்பாள், முகம் பளிச்சென்று. தலைக்கு மேலே வார்டு போர்டு.

சிங்கப்பெருமாள் கோயில் பிரௌசிங் சென்டரில் எந்தப் புண்ணியவானோ அதைப் பார்த்து, காட்டவேண்டியவர்களுக்குக் காட்டிவிட்டான். அந்த அம்மாளின் மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் முறிந்துபோயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நேற்றே அர்வா அந்த அம்மாளின் காலைப் பிடித்து அழுதுவிட்டு வந்திருந்தாள். போட்டது நான்தான் என்று எழுதியும் கொடுத்துவிட்டாள். இனி அழக்கூடத் தெம்பில்லை. கடைசி வருஷப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கொடுத்தால் போதும் சாமி என்றிருந்தது.

பிரின்சிபால் விடுவதாயில்லை.

"ஆறு பேரும் படத்துல இருக்கீங்க. அப்போ எடுத்தவன் எவன்? வார்டுக்குள்ள எந்தப் பையனை விட்டீங்க?"

மூலையில் உட்கார்ந்திருந்த அர்வாவின் அத்தா முஜீப்பின் தலை குனிந்தது. கோவளத்தில் கடையைச் சாத்திவிட்டு, திருப்போரூரில் பஸ் மாறி, வேகாத வெயிலில் வந்திருந்தார். சொந்தபந்தம் மொத்தமும் வேண்டாம் என்றபோது, என் மகளை எனக்குத் தெரியும் என்று சொல்லி நர்ஸிங்கில் சேர்த்த மனுஷன்.

அர்வா வாய் திறக்கவில்லை. அவர்கள் வகுப்பு டீச்சர் ரமா மேடம் காலையில் மாடிப்படியில் தோளைத் தொட்டு, நீ ஒண்ணும் பேசாதே, நான் பாத்துக்கறேன் என்று சொல்லியிருந்தார். ரமா மேடம் சொன்னால் சொன்னதுதான். மூன்று வருஷமாக அவளுக்கு அப்படித்தான்.

அந்த ரமா மேடம்தான் இப்போது விசாரணைத் தாளை எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, தாளை அவள் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் ஹால் டிக்கெட்டாவது வரும்.

'படத்தை எடுத்தவர்: வெளியாள், ஆண். மாணவி பெயர் சொல்ல மறுக்கிறார்.'

அர்வா இரண்டு முறை படித்தாள். நிமிர்ந்தபோது ரமா மேடம் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா அந்தப் பையன்? சொல்லித் தொலையேம்மா," என்றார் அத்தா. "இன்னா மூஞ்சிய வெச்சிகினு நான் வூட்டுக்குப் போவேன்?"

அதற்குமேல் அவளால் முடியவில்லை. உடம்பெல்லாம் அப்படி ஒரு அலுப்பு.

பேனாவை மூடித் தாளின்மேல் வைத்தாள்.

"ரமா மேடம், ஆறு பேரும் படத்துல விழணும்னு என் போனைப் புடிச்சிகினு ரெண்டடி பின்னால போனீங்களே. அப்பதான் அந்தக் கட்டில் உள்ள வந்துச்சு. அதையும் எழுதிடுங்க."

ரமா மேடம் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மூலையில் அத்தா தலையை நிமிர்த்தினார்.