காரில் உட்கார்ந்தபடி ஒரு ஓட்டு

வாக்குச்சாவடிக்கு வெளியே ஹாரன் மூன்று முறை அடித்தது. அப்பாவின் காருடைய ஹாரன்.

நடக்க முடியாதவர்கள் காரில் இருந்தபடியே ஓட்டுப் போடலாம். ஆனால் ஓட்டுச் சீட்டை இரண்டு பேர் சேர்ந்துதான் கொண்டுபோக வேண்டும், கட்சிக்கு ஒருவராக. எங்கள் மினசோட்டாவில் சட்டம் அப்படி.

மதியச் சாப்பாட்டு நேரம். மேற்பார்வையாளரைத் தவிர இருந்த தேர்தல் ஊழியர்கள் இரண்டே பேர். குடியரசுக் கட்சிக்கு நான். ஜனநாயகக் கட்சிக்கு என் அக்கா இங்க்ரிட்.

நாங்கள் பேசிக்கொள்ளாமல் ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகிறது.

முந்தைய தேர்தல் முடிந்த கையோடு வந்த தேங்க்ஸ்கிவிங் குடும்ப விருந்தில், வான்கோழியை வெட்டும்போது சண்டை ஆரம்பித்தது. நான் அவளை தேசத்துரோகி என்றேன். அவள் என்னை மூளையை வாடகைக்கு விட்டவன் என்றாள். அவள் சொன்னதுதான் நன்றாக இருந்தது, அதனாலேயே எனக்கு ஆறவில்லை.

போன வருடம் இரண்டு வீட்டில் இரண்டு விருந்து. எண்பத்தோரு வயது அப்பா பதினொரு மணிக்கு என் வீட்டில் ஒரு வான்கோழி தின்றார், நான்கு மணிக்கு அவள் வீட்டில் இன்னொன்று. இந்த வருடமாவது ஒரே மேசையில் உட்கார விடுங்கள் என்று போன வாரம் போனில் கெஞ்சினார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

"காலைத் தூக்கவே முடியலடா," என்றார் அப்பா, கார் கண்ணாடியை இறக்கி.

போன வியாழக்கிழமை வரை பௌலிங் கூடத்தில் பந்து உருட்டிய மனிதர்.

அவர் சீட்டை நிரப்பும்போது நாங்கள் பார்க்கக் கூடாது. காருக்கு முதுகைக் காட்டி, அக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். பதற்றத்தில் கோட்டு மாட்டாமல் ஓடி வந்திருந்தோம். பனி கணுக்கால் வரை இருந்தது.

அப்பா நிதானமாக நிரப்பினார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

அக்காவுக்குப் பல் தந்தியடித்தது. தன் மஃப்ளரின் ஒரு முனையை எடுத்து என் கழுத்தில் போட்டாள்.

"கால் வலின்னு உங்கிட்ட எதாவது சொன்னாராடா?"

"இல்லக்கா. உங்கிட்ட?"

"ம்ஹூம்." கொஞ்ச நேரம் காலை மாற்றி மாற்றி வைத்தாள். "இந்த வருஷம் எங்க வீட்டுக்கு வந்துடு. அவர ரெண்டு வீட்டுக்கு அலைய விட வேணாம். நான் டிவில நியூஸ் போட மாட்டேன், நீயும் கேக்காத."

"வான்கோழிய நான் கொண்டுவரேன். நீ பண்ணினா தொண்டையில எறங்காது."

"வாய மூடுடா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிர் தாங்காதவன் போல மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"முடிச்சாச்சு," என்றார் அப்பா பின்னாலிருந்து, அந்த நொடியே.

சீட்டை உறையில் போட்டுக் கொடுத்தார். கார் கிளம்பிப் போனது.

அது நின்ற இடத்துக்கு அந்தப் பக்கம், காலையில் விழுந்த புதுப் பனியில், காலடித் தடம் தெரிந்தது. அப்பா உட்கார்ந்திருந்த ஓட்டுநர் பக்கக் கதவிலிருந்து சுற்றிப்போய் வாக்குச்சாவடியின் ஜன்னல் வரை ஒரு வரிசை. ஜன்னலுக்குக் கீழே நின்று, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்த இடம். அங்கிருந்து திரும்பவும் கார் நின்ற இடம் வரை ஒரு வரிசை. நன்றாக எட்டிப் போட்டு நடந்த கால்கள்.

நடக்க முடிந்தவர் இப்படி ஓட்டுப் போட்டால், அதை எழுதி மேலே கொடுக்க வேண்டியது எங்கள் வேலை. இருவரும் கை தூக்கி உறுதிமொழி எடுத்தவர்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு பூட்ஸ் காலால் பனியைத் தள்ளி ஒரு தடத்தை மூடினாள்.

அடுத்ததை நான் மூடினேன்.