தொண்ணூற்றேழுக்கு ஒரு பதவி உயர்வு

திரையில் தொண்ணூற்றேழு மெல்லச் சுழன்றது. எங்கள் வானிலை மைய இயக்குநர் அது சுழலவில்லை என்றார்.

"சும்மா மேகம்யா. கூட்டமா நிக்குது, அவ்வளவுதான்."

தொண்ணூற்றேழு என்பது அதன் பெயர் இல்லை. கடலில் சந்தேகப்படும்படி ஏதாவது கூடினால் தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றொன்பதுக்குள் ஓர் எண்ணை ஒட்டிக் கண்காணிப்போம். தொண்ணூற்றொன்பது முடிந்தால் மறுபடி தொண்ணூறு. தங்கும் விடுதித் துண்டு மாதிரி, துவைத்து அடுத்த ஆளுக்குக் கொடுப்பது.

மேலே இன்னொரு வரிசை உண்டு. அது ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும். புயல்களுக்கும், புயலாகிக் கரைக்கு வந்துவிடும் என்று நாங்கள் நம்புகிறவற்றுக்கும் மட்டும்தான் அந்த எண். அது கிடைத்தால்தான் எச்சரிக்கை அறிக்கை வெளியே போகும். கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்ப வாங்க முடியாது.

போன மாதம் இயக்குநர் மூன்றாம் எண்ணைக் கொடுத்தார். அது மறுநாளே கரைந்து தூறலாகிவிட்டது. அமைச்சர் எல்லோர் முன்னாலும், "உங்க மூணு எங்கே, வந்துட்டு இருக்கா?" என்று கேட்டார். அன்றிலிருந்து நாலாம் எண்ணைத் தன் கல்யாண மோதிரம் போலப் பாதுகாக்கிறார்.

புயல் பிறப்பதற்கு முன்பே எச்சரிக்கத்தான் இந்த ஏற்பாடு. இவர் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்.

காற்று மணிக்கு முப்பத்து நாலு கடல் மைல் வேகத்தைத் தொட்டால்தான் புயல். கடலில் மிதக்கும் எங்கள் கருவி முப்பத்து மூன்று காட்டியது.

"ஒண்ணுதானே சார் குறையுது," என்றேன்.

"ஒரு மார்க்ல ஃபெயிலானவனும் ஃபெயில்தான்யா. உனக்குத் தெரியாததா?"

தெரியும். அதனால்தான் பாஸானவர்கள் வரைபடம் போடுகிறார்கள், நான் தொலைபேசி எடுக்கிறேன்.

அது அடித்தது. தீவுக்குப் போகும் பயணிகள் படகின் ஓட்டுநர். காலையிலிருந்து அவரோடுதான் எனக்குக் குடித்தனம்.

"தம்பி, நம்பர் போட்டாச்சா? நாலு மணி ட்ரிப்புக்கு டிக்கெட் எல்லாம் வித்துத் தீர்ந்துடுச்சு. நம்பர் வந்தாத்தான் நிறுத்துவேன்னு முதலாளி ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

"இன்னும் இல்லண்ணே."

"அலை நெஞ்சு உசரம் வருது. உங்க ஆளுங்க ஜன்னலைத் திறந்து பார்க்க மாட்டாங்களா?"

எங்கள் ஜன்னல் திறக்காது. ஏசி அறை.

தொலைபேசியை வைத்தேன். நல்ல மனசு, அது இது என்று யாரும் நினைக்க வேண்டாம். படகு கவிழ்ந்தால் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். அதை எடுக்க எனக்குத் தெம்பில்லை.

இயக்குநரிடம் போனேன்.

"சார், நாலு மணி படகுல உங்க பொண்ணும் போகுதாம். படகுக்காரர் சொன்னாரு. இயக்குநர் மகள்னு சொல்லிச்சாம்."

அவர் மகளை அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். அப்போதும் இல்லை.

பிறகு அந்த முப்பத்து மூன்றைக் கொஞ்ச நேரம் முறைத்தார்.

"இந்தக் கருவி பழசு," என்றார். "குறைச்சுத்தான் காட்டும்."

"ஆமா சார்."

"அந்த மேகத்தைப் பாரு. நல்லாச் சுத்துது பாரு."

"நல்லாச் சுத்துது சார்."

தட்டச்சு செய்ய ஆளைக்கூடக் கூப்பிடவில்லை. அவரே அடித்தார். புயலாகக்கூடியது, எண் நாலு. அறிக்கை துறைமுகத்துக்கும் படகுக் கம்பெனிக்கும் பறந்தது.

எனக்கு மூச்சு வந்தது. அடுத்த அறிக்கைக்கு மூன்று மணிநேரம் இருக்கிறது. அதுவரை அவரே நினைத்தாலும் எச்சரிக்கையை விலக்க முடியாது.

அவர் மகள் எந்தப் படகிலும் இல்லை. விடுதியில் தங்கி மருத்துவம் படிக்கிறவள். வகுப்பு நேரத்தில் போனை அணைத்துவிடுவாள், படிப்பைத் தவிர வேறு நினைப்பே கிடையாது என்று சாப்பாட்டு இடைவேளை தோறும் அளப்பார். அந்த அளப்பை நம்பித்தான் புளுகினேன். சாயங்காலம் என்னை வீட்டுக்கு அனுப்பினால் அனுப்பட்டும். வேலை போனவனுக்குத் தொலைபேசி அடிக்காது.

அவர் கைபேசி அலறியது. மகள்தான். அவசரத்தில் எதை அழுத்தினாரோ, அறை முழுக்கக் கேட்டது.

"அம்மாடி, படகுல ஏறாதே," என்றார் எடுத்த எடுப்பில்.

நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

மறுமுனையில் ஓர் ஒலிபெருக்கி, நாலு மணி படகு ரத்து, கட்டணம் திருப்பித் தரப்படும் என்று கரகரத்துக்கொண்டிருந்தது.

"அப்பா," என்றாள். "நான் இங்க இருக்கேன்னு யாரு சொன்னா?"

பக்கத்தில் ஓர் ஆண்குரல், "திருப்பிக் கூப்பிடாதேன்னு சொன்னேன்ல," என்றது. இணைப்பு அறுந்தது.

இயக்குநர் எழுந்து வந்தார். என் தோளில் கைபோட்டு என்னைத் திரும்ப உட்காரவைத்தார். தனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குய்யா," என்றார், கெஞ்சுகிற குரலில். "அந்தப் பையன் யாரு? அதையும் சொல்லிடு."

எங்கள் முதுகுக்குப் பின்னால் கருவி முப்பத்தொன்பது காட்டியது. பார்க்க ஆளில்லை.